ஆட்காட்டி போட்ட படம்

மருத மரங்கள் நிறைந்த ஒரு காட்டில், ஆற்றங்கரையில் ஓர் ஆட்காட்டிப் பறவை நான்கு முட்டைகள் இட்டிருந்தது.

ஆட்காட்டி கூடு கட்டாது, குழந்தைகளே. கூழாங்கற்களுக்கு நடுவேதான் முட்டையிடும். முட்டையும் கல்லைப் போலவே இருக்கும். பதினேழு நாளாக நரி அந்த வழியே போய் வந்தது. ஒரு நாளும் அதன் கண்ணில் படவில்லை.

அந்தக் காட்டில் எல்லாரிடமும் கைபேசி இருந்தது. பெண் ஆட்காட்டி முட்டைகளைப் படம் பிடித்தது.

"அதை வெளியே போடாதே. கல் என்று நினைப்பவர்கள் கல் என்றே நினைக்கட்டும்" என்றது ஆண் பறவை.

"உங்களுக்கு எதற்கெடுத்தாலும் பயம்! மைனா தன் குஞ்சைப் போட்டாள், எண்பத்திரண்டு பேர் விருப்பம் தெரிவித்தார்கள். மூக்கு மட்டும்தான் இருக்கிறது அந்தக் குஞ்சுக்கு. என் பிள்ளைகளுக்கு என்ன குறை?"

படம் இணையத்தில் ஏறிற்று. மாலைக்குள் அறுபத்து மூன்று விருப்பங்கள் வந்தன. 'புறா அக்கா' என்ற பெயரில் ஒரு செய்தியும் வந்தது. கூடவே ஒரு வெண்புறாவின் படம்.

"கண்ணே பட்டுவிடும், தங்கச்சி! எந்தப் பக்கம் இருக்கிறாய்?"

"வளைந்த மருத மரத்துக்குக் கிழக்கே நாற்பது தப்படி, அக்கா."

"ஐயோ, வெயில் கொளுத்துமே!"

"உச்சி வேளையில் மடுவுக்குப் போய் மார்பு இறகை நனைத்து வருவேன். ஈர இறகு பட்டால் முட்டையின் சூடு தணியும். அவர் அப்போது இரை தேடப் போயிருப்பார்."

மறுநாள் உச்சி வேளை. தாய்ப் பறவை இறகு சொட்டச் சொட்டத் திரும்பி வந்தது. அங்கே நரி வாயை நக்கிக்கொண்டு நின்றது. ஓடுகள் சிதறிக் கிடந்தன.

"வா தங்கச்சி, நான்தான் உன் புறா அக்கா" என்றது நரி. "நீ நாற்பது தப்படி என்றாய். எனக்கு ஐந்துதான் ஆயிற்று."

தாய் அலறிய அலறலில் ஆண் பறவை பறந்து வந்தது. அதற்குள் நரி போய்விட்டது. தாய் அழுதபடியே படத்தை அழிக்கப் போனது.

"இரு" என்றது ஆண் பறவை. "பிள்ளைகளைப் பார்க்க நமக்கும் இனி அது ஒன்றுதான்."

நீதி: முகம் அறியாதவரிடம் இணையத்தில் இருப்பிடமும் சொல்லாதே, இல்லாத நேரமும் சொல்லாதே.