எழுபத்தைந்து பேர் போதும்

1986 மார்ச் 10, காலை பத்து மணி. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் 84 பேர் வேலை பார்த்தார்கள். டீ கொடுக்கும் சீனியம்மாள் சம்பளப் பட்டியலில் கடைசிப் பெயர்.

"எழுபத்தஞ்சு பேர் போதும் சார்," என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டிருந்தார் மேனேஜர் கஜபதி. மாடி அறையில் எட்டு உதவியாளர்களோடு ஆறு மாதம் உட்கார்ந்து கண்டுபிடித்த எண் அது. டீயோடு வந்த சீனியம்மாளைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏம்மா, எல்லாரையும் உனக்குத் தெரியுமே. வேண்டாத ஒம்பது பேரை நீயே சொல்லு. சொல்லலேன்னா முதல்ல நீதான் வெளியே."

"சொல்றேங்கய்யா. ஒருத்தர் லீவு போட்டா, டீ வாங்குறப்ப பக்கத்து ஆளு எங்கிட்டதான் கேப்பாங்க, 'அவன் எங்கக்கா, என் வேலை நிக்குது'ன்னு. ஆயில் போடுற மாடசாமி வராத அன்னிக்குப் பத்துப் பேர் கேட்டாங்க."

"யாரைக் கேக்கலே? அதைச் சொல்லு."

"போன மாசம் மாடியில இருக்கிற எல்லாரும் நாலு நாள் ஊட்டிக்குப் போனீங்களே. ஒருத்தர்கூடக் கேக்கலீங்க. மில்லு ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு."

முதலாளி விரல்விட்டு எண்ணினார். "உங்களையும் சேத்து ஒம்பது சரியா வருதே, கஜபதி."

1986 ஜூன் 2 அன்று மாடி அறை கேன்டீன் ஆனது. மில்லில் அன்று 75 பேர் வேலை பார்த்தார்கள்.