கஜேந்திரன் கையால் போட்ட படம்

நியாயத்தைக் கேளுங்கள். ஈரோட்டில் வலைத்தளம் செய்துகொடுக்கும் கம்பெனி முதலாளி கஜேந்திரன், பக்கங்களில் படமும் எழுத்தும் போட, எடிட்டர் என்று ஒரு மென்பொருளைத் தானே எழுதியிருந்தார். அதில் படத்தை இழுத்துவிட்டால் எங்கே விழும் என்று தெரியாது. விழுந்த நொடியே இணையத்தில் ஏறி ஊருக்கெல்லாம் தெரியும், திரும்ப எடுக்க வழியில்லை. அதில் ஒரு படத்தை இடம் மாற்றிப் போட்ட பிலோமினாவை எல்லார் முன்னாலும் திட்டி, வேலையைவிட்டு நிறுத்திவிட்டார்.

"தப்பு எடிட்டர் மேல சார்," என்றாள் பயிற்சிக்கு வந்த மெஹர்.

"அப்படியா? அதைத் தொடாமயே குறையைக் காட்டு பார்ப்போம்!"

"நான் எதுக்கு சார் தொடணும்? நாளைக்குப் பாத்திரக்கடை அண்ணாச்சி வர்றார். அவர் கடையோட வலைத்தளத்துல அவர் படத்தை நீங்களே போட்டுக் காட்டுங்க."

மறுநாள் முதலாளி பெருமையாக இழுத்துவிட்டார். அண்ணாச்சியின் சிரித்த முகம் 'பழசு, பாதி விலை' என்ற வரிக்குக் கீழே போய் உட்கார்ந்தது. அண்ணாச்சியின் செல்போன் அலறத் தொடங்கியது.

"மெஹர், இதை எப்படிம்மா திரும்ப எடுக்கிறது?" என்றார் முதலாளி.

"பிலோமினா அக்காவும் இதையேதான் சார் கேட்டாங்க."

ஆபீஸே சிரித்தது. சீக்கிரமே மெஹர் கையால் புது எடிட்டர் வந்தது. பார்த்துவிட்டு ஏற்றலாம், தவறினால் திரும்ப எடுக்கலாம். உடனே பிலோமினாவைத் திரும்ப வேலைக்குக் கூப்பிடப் போன் போட்டாள்.

"நல்லாருக்கட்டும் கண்ணு," என்றாள் ஜவுளிக்கடையில் புடவை மடித்துக்கொண்டிருந்த பிலோமினா. "எனக்கு இப்ப மவுஸைப் பார்த்தாலே அன்னைக்கு வாங்கின திட்டுதான் காதுல கேக்குது. நான் வரல."