மண் போடாத பாத்தி

கொடைக்கானலுக்கு மேலே ஒரு சிறிய ஆசிரமம். அங்கே குருவாக இருந்த அம்மாவுக்கு நாற்பது வயது. சீடர் ஏகாம்பரத்துக்கு அறுபத்திரண்டு. திண்டிவனம் பக்கம் நிலக்கடலை போட்டே காலத்தை ஓட்டியவர். விதை விஷயத்தில் அவரிடம் யாரும் வாயைக் கொடுத்து மீள முடியாது.

அதனால்தான் ஃபாக்ஸ்குளோவ் பாத்தியை அவர் பொறுப்பில் விட்டிருந்தார்கள். நெடுந்தண்டில் ஊதா மணிகளாய்த் தொங்கும் மலைப்பூ அது. ஏகாம்பரம் இரண்டு தடவை விதைத்தார். ஒரு முளைகூட எட்டிப் பார்க்கவில்லை. மனிதர் விதையைத் திட்டினார், குளிரைத் திட்டினார். தன் கையை மட்டும் திட்டவில்லை.

அந்த வாரம் அவருக்கு ஒரு கடிதம் வந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் அவர் பேச்சை மீறிக் கல்யாணம் செய்துகொண்ட மகள் கலையரசி எழுதியிருந்தாள். ஒரே வரிதான். அப்பா, பார்க்க வரலாமா?

அவர் அம்மாவிடம் போய் நின்றார்.

“எனக்குப் பொண்ணே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டேன்மா. அத மண்ணப் போட்டு மூடி ரொம்ப நாளாச்சு. இப்ப பதில் எழுதணுமா?”

அம்மா விதைப் பொட்டலத்தை நீட்டி, இன்னொரு தடவை விதைக்கச் சொன்னார்.

தூசி மாதிரி விதை. ஏகாம்பரம் அதைப் பாத்தியில் தூவினார். பழக்கதோஷம், கை தானாக மண்ணை அள்ளியது. அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். தண்ணீரை மட்டும் தெளித்துவிட்டு, அப்படியே விடச் சொன்னார். எறும்பு தூக்கிவிடும், காற்று அடித்துப் போய்விடும் என்று அவர் புலம்பியதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பாத்தி முழுக்கப் பச்சைப் புள்ளிகள். ஏகாம்பரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது. மகளுக்கு அவர் இன்னும் பதில் எழுதவில்லை.

“மூடினதுதான் தப்பாம்மா?”

“நிலக்கடலைக்குத் தப்பில்ல. இதுக்கு வெளிச்சம் பட்டாத்தான் முளைக்கும்.”

அவர் தலையாட்டினார்.

“அந்தக் கடுதாசி எங்க இருக்குங்க ஐயா?”

“பெட்டியில. துணிக்கு அடியில.”

“கைய அலம்பிட்டு, அத வெளிய எடுங்க.”