கறுப்பு மணியும் வெள்ளைக் குஞ்சும்

ஒரு ஆமணக்குக் காட்டின் கதை சொல்கிறேன். நல்ல கதை இல்லை. முடிவில் நியாயம் சொல்ல வேண்டியது நீங்கள், அதனால் காதைக் கொடுத்துக் கேளுங்கள்.

ஆத்தூர்ப் பக்கம் பூங்காவனம் என்றொருத்தி. போன வருஷம் ஆமணக்குக்கு மருந்தடித்த அவள் புருஷன் அத்தியப்பன் வரப்பிலேயே நுரை தள்ளிச் செத்துப்போனான். இனி என் காட்டில் மருந்துவாடை அடிக்கக் கூடாது என்று பிணத்தின் முன்னால் ஆணையிட்டாள். இந்த வருஷமும் விளையவில்லை என்றால் குத்தகை நிலத்தைப் பிடுங்கிக்கொள்வார்கள். அப்புறம் அவளுக்குப் பிழைப்பில்லை. கூட நின்று பாடுபட்டவன் கொழுந்தன் செங்கோடன்.

கிழக்குக் காட்டில் முன்னதாக விதைத்தார்கள், மேற்கில் பிந்தி. இலையை அரித்துத் தின்னும் காவடிப்புழு கண்ணில் பட்டபோது கிழக்கில் அது கொழுத்துக் கிடந்தது, மேற்கில் எல்லாம் சின்னப் புழு. பூங்காவனம் புழுவை ஒழிக்க எறும்பளவுக் குளவிகளை வாங்கி வந்து இரண்டு பக்கமும் விட்டாள். "வேலை செய்யுதான்னு தெரியணும்னா புழுவைக் கிழிச்சுப் பாருங்க" என்றான் விற்ற புண்ணியவான். உள்ளே எதைப் பார்க்க வேண்டும் என்று அவன் சொல்லவில்லை. இவர்களும் கேட்கவில்லை.

அவன் சொல்லாததை நான் சொல்கிறேன். குளவி புழுவைக் கொட்டி, அதன் உடம்புக்குள் முட்டையிடும். புழுவும் லேசுப்பட்டதல்ல. அந்நியமாக எது நுழைந்தாலும் அதன் ரத்த அணுக்கள் மொய்த்துச் சூழ்ந்து, கறுப்பு ஓடு கட்டிக் கொன்றுவிடும். அதனால்தான் குளவி முட்டையோடு விஷத்தையும் இறக்குகிறது. அந்த விஷம் புழுவைச் சாகடிப்பதில்லை, காவலை முடக்கிப்போடுகிறது. புழு தன்னைத் தின்னும் குஞ்சைச் சுமந்துகொண்டு பேசாமல் இலை தின்னும். புழு கொழுத்துவிட்டால் மட்டும் சில நேரம் அந்த விஷம் எடுபடாது.

பூங்காவனம் கிழக்கில் சில புழுக்களைக் கிழித்தாள். எல்லாவற்றிலும் மிளகுத்தூள் போலக் கறுப்பு மணிகள்.

"பாரு தம்பி, உள்ளயே கருகிப்போச்சு. குளவி வேலய முடிச்சிருச்சு."

செங்கோடன் மேற்கில் கிழித்தான். உள்ளே வெள்ளையாக ஒரு குஞ்சு நெளிந்தது.

"ஐயோ அண்ணி, இங்க புழுவுக்குள்ளயே புழு பெருகுது! இன்னிக்கே மருந்தடிச்சாத்தான் ஆச்சு."

"உங்கண்ணனத் தூக்கிட்டுப் போனது பத்தலயா?"

"ஆணையச் சோத்துல போட்டுத் திங்க முடியாதுங்க அண்ணி."

அவள் அழுதாள். அவன் கேட்கவில்லை. அண்ணன் சுமந்த அதே தெளிப்பானை முதுகில் மாட்டி மேற்குக் காடு முழுக்க அடித்தான். கிழக்கில் அவனைக் கால் வைக்க விடாமல் அவள் வரப்பிலேயே நின்றாள்.

இப்போது சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி?

இரண்டு பேருமே இல்லை. கறுப்பு மணி என்றால் செத்த குளவி முட்டை. கிழக்கில் விஷம் தோற்று, புழு பிழைத்துவிட்டது. மருந்து தேவைப்பட்டது அங்கேதான். மேற்கில் நெளிந்த வெள்ளைக் குஞ்சு குளவியின் பிள்ளை. சும்மா விட்டிருந்தால் அதுவே புழுவை முடித்திருக்கும். செங்கோடன் குளவிகளைக் கொன்றான், மருந்துக்குத் தப்பிய புழுக்கள் பயமில்லாமல் பெருகின. இரண்டு காட்டிலும் இலை நரம்புதான் மிஞ்சியது. நிலம் கைமாறிவிட்டது. புதுக் குத்தகைக்காரன் அங்கே மருந்தடிக்கிறான். மருந்து கலக்கக் குடத்தில் தண்ணீர் சுமப்பது பூங்காவனம்.