ஆளைப் பார்த்து விலை சொன்ன பச்சோந்தி

நாணல் குளத்தின் கரையில் அஞ்சலை என்றொரு பச்சோந்தி படம் எடுத்துப் பிழைத்து வந்தது.

காட்டைச் சுற்றிப் பார்க்க வந்த யாரோ மரத்தடியில் மறந்துவிட்டுப் போன சின்னக் கேமரா ஒன்று அதனிடம் இருந்தது. அஞ்சலை அதைக் கிளையில் கொடியால் கட்டி வைத்திருந்தது. அஞ்சலையின் ஒரு கண் குளத்தைப் பார்க்கும், மறு கண் கேமராவைப் பார்க்கும். எறும்பு கடித்தாலும் அசையாமல் காத்திருந்து, சரியான நொடியில் நாக்கை வீசிப் பொத்தானைத் தட்டும். மீன்கொத்தியின் அலகு தண்ணீரைத் தொடும் நொடியை அப்படித்தான் பிடித்தது. அந்தக் காட்டில் வேறு யாருக்கும் அது வாய்த்ததில்லை.

படங்களை டவுனுக்குக் கொண்டுபோய்ப் பிரிண்ட் போட்டு வருவது காக்கை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி வருவதும் அதுதான். ஸ்டூடியோக்காரர் வேர்க்கடலைக்கு வேலை செய்வாரா என்று கேட்காதீர்கள். காக்கை எப்படியோ சமாளித்துவிடும்.

இரண்டு நாள் குளக்கரைச் சந்தை தொடங்கிய அன்று காலையில் காக்கை சொன்னது: "அஞ்சல, பேட்டரி தீந்து போச்சு. இந்தச் சந்தையில கடலை சேர்ந்தாத்தான் நான் மறுபடி டவுனுக்குப் போக முடியும்."

கேட்டுக்கொண்டிருந்த குரங்கு கீழே இறங்கி வந்தது. "கேமரா செத்துட்டா எனக்குக் குடுத்துடு. ஒரு சீப்பு வாழப்பழம் தர்றேன். கொட்டை உடைக்கத் தோதா இருக்கும்."

அஞ்சலை கேமராவைக் கட்டிய கொடியை ஒருமுறை இழுத்துப் பார்த்துக்கொண்டது. பிறகு படங்களைக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டு உட்கார்ந்தது.

முதலில் அணில் வந்தது. மீன்கொத்திப் படத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டது. "அக்கா, இது என்ன விலை?"

அஞ்சலை அணிலைப் பார்த்தது. அதன் தோல் மெல்ல அணிலின் சாம்பல் பழுப்புக்கு மாறியது. பாவம், இதனிடம் என்ன இருக்கப்போகிறது என்று நினைத்தது. "உனக்கென்னம்மா, ரெண்டே ரெண்டு கடலை குடு."

அணில் படத்தை வாங்கிப் போனபின் யானை வந்து அதே படத்தில் இன்னொன்றைக் கேட்டது. அஞ்சலையின் தோல் கறுத்தது. ஆசையும் பெருத்துவிட்டது. "ஒரு கூடை கடலை, யானையண்ணே."

யானை மறுபேச்சில்லாமல் கொடுத்தது. அஞ்சலைக்குத் தலைகால் புரியவில்லை. இப்படி ஒரு யானை போதுமே, பிழைத்துக்கொள்ளலாம் என்று எண்ணியது.

தண்ணீர் குடிக்கப் போன இடத்தில் யானையும் அணிலும் படத்தைக் காட்டிப் பேசிக்கொண்டன. சற்று நேரத்தில் இரண்டும் திரும்பி வந்தன.

"என் உடம்பை அளந்தா வெலை போட்டே?" என்றது யானை. படத்தை வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டது.

யானையின் கோபம் அஞ்சலை எதிர்பார்த்ததுதான். அணிலின் கோபம்தான் அதற்குப் புரியவில்லை. "நல்ல படம் வாங்கிட்டேன்னு எல்லார்கிட்டயும் பெருமையாச் சொன்னேன்க்கா. இல்லாதவன்னு நெனச்சுத் தூக்கிப் போட்டிருக்கீங்க. எனக்கு வேண்டாம்." படத்தை வைத்துவிட்டு அது போய்விட்டது.

"பச்சோந்தி புத்தி!" என்று கிளையிலிருந்து குரங்கு சிரித்தது.

அந்தச் சொல் அஞ்சலையைச் சுட்டது. தன் குலத்தின் பெயரையே வசவாக்கி வைத்திருக்கிறார்களே என்று அழுகை வந்தது. அதைவிட, அந்த வசவு இன்றைக்குத் தனக்குப் பொருந்திவிட்டதே என்றுதான் அதிகம் வலித்தது.

காக்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தது. "எதிரே யாருமே இல்லேன்னா நீ என்ன வெலை சொல்லுவ?"

அதுவரை அஞ்சலை அப்படி யோசித்ததே கிடையாது.

அது யாரும் இல்லாத ஒரு கிளையின் நுனிக்குப் போய் உட்கார்ந்தது. காக்கையின் கூலி, தாள், பேட்டரி எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தது. காத்திருந்த நாட்களையும் சேர்த்தது. கடைசியில், தயங்கித் தயங்கி, தன் கண்ணுக்கும் நாக்குக்கும் கொஞ்சம் சேர்த்தது. அதைச் சேர்க்கும்போது யாரோ கேட்டுவிடுவார்கள் என்பதுபோல் வெட்கமாக இருந்தது.

மறுநாள் சந்தையில் படங்களுக்குப் பக்கத்தில் ஒரு பூவரச இலை தொங்கியது. அதில் நகத்தால் கீறி எழுதியிருந்தது: பெரிய படம் ஒரு படி கடலை. சின்னப் படம் ஒரு கைப்பிடி. யாராயிருந்தாலும்.

குரங்குதான் முதலில் வந்தது. "ஒரு படியா? பொத்தானைத் தட்டுனா படம் வந்துட்டுப் போவுது. கால் படிக்குக் குடு. உன் பேரைக் காடு பூராவும் சொல்றேன்."

அஞ்சலையின் வால் நுனி குரங்கின் நிறத்துக்கு மாறத் தொடங்கியது. நிறம் மெல்ல முதுகுக்கு ஏறியது. கொடுத்துவிடு, கால் படியாவது மிஞ்சும் என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அது ஒரு கண்ணால் குரங்கையும் மறு கண்ணால் இலையையும் பார்த்தது. பிறகு இரண்டு கண்ணையும் இலைக்கே திருப்பியது.

"பெரிய படம் ஒரு படிதான், அண்ணே."

முதுகில் ஏறிய நிறம் நின்றது. கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. குரங்கு முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டது.

வெயில் சாயும்வரை யாரும் வாங்கவில்லை. அஞ்சலை இலையைப் பலமுறை பார்த்தது. ஆனால் எழுதியதை மாற்றவில்லை.

அப்போது அணில் ஓடி வந்தது. இலையைப் படித்துவிட்டு, வாயில் அதக்கி வந்த கடலையைக் கொட்டியது. "சின்னப் படம் ஒண்ணு குடுங்கக்கா. முழு வெலை எடுத்துக்குங்க."

அதன் பின்னாலேயே யானை வந்தது. "எனக்கும் இதே வெலைதானா?"

"இதேதான், யானையண்ணே."

யானை துதிக்கையால் படங்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தது. "அப்படின்னா பெருசுல ரெண்டு குடு."

அதைப் பார்த்து முயலும் மானும் வந்தன. காக்கை கடலை மூட்டையைக் காலில் பிடித்து, பேட்டரியை அலகில் கவ்விக்கொண்டு டவுனை நோக்கிப் பறந்தது. அஞ்சலை தன் பச்சை நிறத்திலேயே கிளையில் ஏறி, கேமராவைக் கட்டிய கொடியை இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கியது.

தன் உழைப்பின் விலையை எதிரே நிற்பவர் முகத்தில் தேடாமல் தானே எண்ணிப் பார்த்துச் சொல்லி, அதில் உறுதியாக நிற்பவரைத்தான் உலகமும் மதித்து வாங்கும்.