ராணி மேல் இருந்த கை

மாலை ஆறு மணி பத்து நிமிடம். நான்கே நகர்த்தலில் ஞானதிரவியம் தன் மனைவி ரெஜினாவிடம் தோற்றார். அந்த வாரம் முழுக்க அப்படித்தான்.

அவர் தூத்துக்குடி துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் ரெஜினாவுக்கு வலது கையும் பேச்சும் போய்விட்டன. சதுரங்கம் மட்டும் மறக்கவில்லை. இடது கையால் காய் நகர்த்துவார். அவருடைய ராணியும் மந்திரியும் சேர்ந்து எதிரி ராஜாவை மடக்கிவிடும். ஆட்டம் முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

மறுநாள் காலை ஞானதிரவியம் வழக்கம்போல் பர்வீனின் சதுரங்க வகுப்புக்குப் போனார். பர்வீனுக்கு வயது இருபத்தாறு.

“என்ன அண்ணாச்சி, நேத்தும் நாலுதானா?”

“நாலுதான் டீச்சர்.”

“தடுக்கிறது எப்படின்னு சொல்லிக்கொடுத்தேனே?”

“இங்க ஞாபகம் இருக்கு. அவ முன்னாடி உட்கார்ந்தா போயிடுது.”

“ரெண்டாங்கிளாஸ் பிள்ளைங்ககூட இதுல ஒரு தடவைதான் ஏமாறும்.”

“சொல்லிக்காட்டாதீங்க. வேற வழி இருந்தா சொல்லுங்க.”

“அக்காவை ஜெயிக்கணுமா?”

“ஜெயிச்சு என்ன பண்ண? ஆட்டம் கொஞ்சம் நீளணும். அது முடிஞ்சா அவ என் முகத்தையே பார்க்கிறதில்லை.”

பர்வீன் பலகையைத் திருப்பி வைத்தார்.

“இப்ப நீங்கதான் அக்கா. அவங்க எப்படி ஆடுவாங்களோ அப்படியே ஆடுங்க. நான் நீங்க.”

ஞானதிரவியம் இடது கையால் ஆடினார். ராணியை வெளியே கொண்டுவந்து வைத்தார். பர்வீன் தன் குதிரையைத் தொடப் போனார்.

“இருங்க டீச்சர். ராணியை வெச்சதும் அவ கையை எடுக்க மாட்டா. கொஞ்ச நேரம் அது மேலேயே வெச்சிருப்பா.”

“அப்ப நீங்க என்ன செய்வீங்க?”

“நானா? எந்தக் குதிரையை எடுக்கலாம்னு என் காயைப் பார்த்துட்டிருப்பேன்.”

“கிரேன்ல ஏறி உட்கார்ந்தா எதைப் பார்ப்பீங்க?”

“கீழே நின்னு சைகை காட்டுறவன் கையை. வேற எங்கயாவது பார்த்தா கீழே இருக்கிறவன் காலி.”

“அவர் கையை அசைக்காம அப்படியே வெச்சிருந்தா?”

“நிறுத்துன்னு அர்த்தம்.”

சொன்ன பிறகுதான் ராணி மேல் இருந்த தன் இடது கையைப் பார்த்தார்.

“கைக்கு பலமில்லைன்னு நெனச்சேன் டீச்சர்.”

“அக்காவுக்கு இடது கை நல்ல கைதானே, அண்ணாச்சி?”

ஞானதிரவியம் ராணி மேலிருந்து கையை எடுக்கவில்லை.

அன்று 2023 ஜனவரி 14, சனிக்கிழமை. ரெஜினாவின் கை ராணி மேல் இருந்தவரை ஞானதிரவியம் தன் காயைத் தொடாமல் அந்தக் கையையே பார்த்திருந்தார். மாலை ஆறு மணிக்குத் தொடங்கிய ஆட்டம் ஏழரைக்கு முடிந்தது. ரெஜினா ஜெயித்தார்.