யார் கைச் சேனை

சபாபதியின் குருவுக்கு அவரைவிட நான்கு வயது குறைவு. அதில் சபாபதிக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. "வயசைப் பார்த்தா ஞானம் வருது?" என்று ஊராரிடம் கேட்பார்.

ஆற்றங்கரை மடத்தில் உச்சிப்பொழுது வரைக்கும் குரு மௌனம். கதவு சாத்தியிருக்கும். யாரும் தட்டக் கூடாது. அந்தச் சட்டத்தைப் போட்டதும் குருதான்.

அன்று மௌனம் முடிந்து குரு கதவைத் திறந்தபோது, சபாபதி வாசலில் கைகட்டி நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"சாமி, பையன் பிறந்திருக்கான்."

குருவுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. கல்யாணமாகி வெகுகாலம் பிள்ளை இல்லாமல் சபாபதியும் அவர் மனைவி பூங்கோதையும் ஏறி இறங்காத கோயில் இல்லை.

"எப்போ?"

"விடியற்காலையில. மாசம் நிறையறதுக்கு முன்னாடியே வலி வந்துடுச்சு. நல்லவேளை, நர்ஸம்மா வீட்டுக்கே வந்து பிரசவம் பார்த்தாங்க. நீங்கதான் வந்து சேனை வைக்கணும்."

பிறந்த குழந்தையின் நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை யார் வைக்கிறாரோ, அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதைத்தான் சேனை வைப்பது என்பார்கள்.

"உங்க கையால வச்சா உங்க புத்தி அவனுக்கு வரும் சாமி."

குரு சிரித்துக்கொண்டே இலை முன்னால் உட்கார்ந்தார். "ஒரு வாய் சாப்பிட்டுட்டு வர்றேன். பிள்ளை நல்லா பால் குடிக்கிறானா?"

"அதெப்படி சாமி? முதல்ல உங்க சேனை, அப்புறம்தான் மத்ததெல்லாம். நர்ஸம்மா உடனே சீம்பால் குடுக்கச் சொல்லிட்டு அடுத்த ஊர்ப் பிரசவத்துக்குப் போயிட்டாங்க. எங்க அம்மாகூடப் பிள்ளையைத் தூக்கி மார்ல போடத்தான் போனாங்க. நான்தான் தடுத்துட்டேன்."

சோற்றில் வைத்த கை நின்றது.

"அழலையா?"

"அழுதான். வீட்டையே ரெண்டாக்கினான். நான் கிளம்பும்போது அடங்கிட்டான். கண்ணை மூடிக்கிட்டு, கை காலை அசைக்காம, அப்படி ஒரு அமைதி." சபாபதி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "பிறந்த அன்னைக்கே மௌனம், சாமி!"

குரு எழுந்துவிட்டார். "சைக்கிளை எடுங்க."

"சாப்பாடு..."

"எடுங்கன்னா எடுங்க."

குரு அவசரப்பட்டு அந்த ஊர் பார்த்ததில்லை. சைக்கிளின் பின்னால் காவித்துணியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு அவர் போனதைப் பார்த்தவர்கள் வேலையை விட்டுவிட்டு நின்றார்கள்.

"மடத்துக்கு எப்போ வந்தீங்க?"

"வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே வந்துட்டேன் சாமி."

"கதவைத் தட்டலையா?"

"மௌனமாச்சே சாமி."

"வேகமா மிதிங்க" என்று குரு இரண்டு மூன்று தரம் சொன்னார்.

வீட்டு வாசலில் சபாபதியின் தாயார் வெள்ளிக் கிண்ணத்தோடு நின்றிருந்தார்.

"கால் சில்லுன்னு கிடக்கு சாமி. கூப்பிட்டா முழிக்கல. இவன் சொன்னா கேட்கமாட்டேங்கிறான்."

"நர்ஸம்மா போறப்போ என்ன சொன்னாங்க?"

"வெறும் மாரோட அணைச்சு வச்சு மேல போர்த்தச் சொன்னாங்க. உடனே பால் குடுக்கச் சொன்னாங்க. சப்பத் தெம்பில்லேன்னா பீய்ச்சிப் பாலாடைச் சங்கால சொட்டுச் சொட்டா விடச் சொன்னாங்க."

"அதை அப்படியே செய்யுங்க. ஓடுங்க."

தாயார் கிண்ணத்தை மகன் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினார். சபாபதி அதைக் குருவிடம் நீட்டினார்.

"ஒரே ஒரு சொட்டு சாமி..."

குரு கிண்ணத்தை வாங்கித் தெருவில் கொட்டினார். எதிர்வீட்டுக்காரரிடம் சைக்கிளைக் கொடுத்து நர்ஸை அழைத்துவரச் சொன்னார். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே பூங்கோதையின் விசும்பல் மட்டும் கேட்டது. சபாபதிக்கு அப்போதுதான் பயம் வந்தது. உள்ளே போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் வாசலில் நடந்துகொண்டிருந்தார்.

நர்ஸ் வந்தார். யாரையும் பார்க்காமல் உள்ளே போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்து சபாபதியின் எதிரில் நின்றார்.

"முழுங்குறான். சூடு ஏறுது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா என்னால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது. குறைமாசப் பிள்ளை சத்தமில்லாம கிடந்தா அது தூக்கமா? படிச்சவர்தானே நீங்க?"

சபாபதி கையெடுத்துக் கும்பிட்டார்.

"நாளைக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிக் காட்டுங்க. அதுவரைக்கும் மாரை விட்டு இறக்கக் கூடாது. நான் இங்கேயேதான் இருக்கப்போறேன்."

அவர் உள்ளே திரும்பிய சற்று நேரத்தில் குழந்தை அழுதது. முதலில் மெலிதாக, பிறகு தெருவுக்கே கேட்கும்படியாக. சபாபதி சுவரில் சாய்ந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அவரும் அழுதார்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு குருவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். தெருவில் கொட்டிய இடத்தில் எறும்பு மொய்த்திருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மனசு கேட்கவில்லை.

"சாமி, அப்போ உங்க புத்தி அவனுக்கு வராதா?"

"அது வந்த ஆளைத்தான் இன்னைக்குப் பார்த்துட்டேனே" என்றார் குரு. "பெத்த பிள்ளை பட்டினியா கிடக்குது. நீங்க என் கதவு முன்னாடி கையைக் கட்டிக்கிட்டு, வாயைத் திறக்காம நின்னீங்க. என் புத்தி உங்களோட நிக்கட்டும், சபாபதி. அவனாவது அழட்டும்."